குடியை விட்டவருக்கு ஆர் துணை?

எங்கட ஊர்களில் குடிக்கிறவரைப் பற்றிக் கதைக்க ரெண்டு வசனம்தான் இருக்கு. ஒன்று, 'உவன் திருந்தமாட்டான்'. மற்றது, 'மனம் வைச்சா விட்டிடலாம்'. கேட்க எதிரெதிரான வசனங்கள் மாதிரித் தெரியும். ஆனால் ரெண்டும் சொல்வது ஒரே விசயத்தை: குடி அந்த ஆளின் தனிப்பட்ட பாடு, விடுவதும் விடாததும் அவர் பொறுப்பு, சுற்றியிருக்கிற எங்களுக்கு அதில் வேலையில்லை.

குடியை ஒரு நாள் நிற்பாட்டுவது பலருக்கும் முடிந்த காரியம். திருவிழாவுக்கு விரதம் பிடித்து நிற்பாட்டுகிறார்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டு நிற்பாட்டுகிறார்கள், பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணி நிற்பாட்டுகிறார்கள். கஷ்டம் இருப்பது அதற்குப் பிறகு வருகிற நாற்பதாவது நாளிலும் நானூறாவது நாளிலும்தான். அந்த நாட்களில் ஆர் பக்கத்தில் நின்றார்கள் என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே சுருக்கமாகப் பார்க்கப்போகிறோம். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த கதைதான். ஆனால் வாசிக்க வாசிக்க எங்கட சனத்தின் முகங்கள் ஞாபகம் வராமல் இருக்காது.

தவறணையில் தொடங்கிய சங்கம்

இந்த வரலாற்றை வெள்ளையர்களிடமிருந்து தொடங்குவது சரியில்லை. நிலமும் வேட்டைக் காடும் பறிபோய், வியாபாரிகளின் விஸ்கி ஊருக்குள் வந்து சேர்ந்த காலத்தில், செனெக்கா என்ற பூர்வகுடி மக்களிடையே ஹான்ட்சம் லேக் என்று அழைக்கப்பட்ட ஒருவர் இருந்தார். கடும் குடிகாரர், நீண்ட காலம் படுக்கையில் கிடந்தவர். 1799இல் தனக்குக் கிடைத்த தரிசனங்களுக்குப் பிறகு குடியை விட்டார். மிச்ச வாழ்நாளைத் தன் மக்களிடம் போய்க் கதைப்பதிலேயே கழித்தார். தானே குடித்து விழுந்து எழும்பிய ஒருவர், அதே சகதிக்குள் கிடக்கிற தன் ஆட்களிடம் போகிறார். இந்த வடிவத்தைப் பிறகும் பல இடங்களில் காணலாம்.

1840 ஏப்ரலில் பல்டிமோர் நகரத்தில் ஒரு தவறணையில் வழக்கமாகக் கூடிக் குடிக்கிற ஆறு பேர், தங்களுக்குள்ளேயே ஒரு சங்கம் அமைத்துக் குடியை விடுவதென்று முடிவெடுத்தார்கள். ஜோர்ஜ் வொஷிங்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதற்கு முன்னமும் அமெரிக்காவில் மதுவிலக்குச் சங்கங்கள் நிறைய இருந்தன. அவற்றின் கவனம் பெரும்பாலும் குடிக்காதவர்களைக் குடிக்காமலே வைத்திருப்பதில் இருந்தது. குடிகாரர் என்றால் கைவிடப்பட்ட கணக்கு. வொஷிங்டனியர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். கூட்டத்தில் பிரசங்கம் இல்லை. ஒருவர் எழும்பித் தன்ர கதையைச் சொல்லுவார், அடுத்தவர் தன்ர கதையைச் சொல்லுவார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வரவேணும். சில வருடங்களில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். பெண்கள் தமக்கென 'மார்த்தா வொஷிங்டன்' சங்கங்களை அமைத்து, குடியால் நொந்த குடும்பங்களுக்குத் துணிமணியும் உதவியும் கொடுத்தார்கள்.

1842 பெப்ரவரி 22இல் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்துச் சங்கத்தில் ஒரு இளம் வழக்கறிஞர் பேசினார். பெயர் ஆபிரகாம் லிங்கன். குடிகாரரைத் திட்டித் தீர்க்கிற பழைய பிரசாரம் ஏன் தோற்றது என்பதுதான் அவருடைய பேச்சின் மையம். குடிக்கு அடிமையாகாத பலர் தப்பியது ஒழுக்கத்தால் அல்ல, அந்த ஆசை அவர்களுக்கு இல்லாததால்தான் என்றும் அவர் சொன்னார். இன்றைக்கும் எங்கட சனசமூக நிலையக் கூட்டங்களில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

ஆனால் அந்த இயக்கம் பத்து வருடம் தாக்குப்பிடிக்கவில்லை. சாராயத்தைச் சட்டத்தால் தடைசெய்ய வேணுமா என்று சண்டை வந்தது. சமயக்காரரும் அரசியல்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மேடைப் பேச்சாளர்கள் நட்சத்திரங்கள் ஆனார்கள். அவர்களில் மிகப் பிரபலமான ஜோன் கோஃப் 1845இல் நியூயோர்க்கில் காணாமல் போய், சில நாட்களுக்குப் பிறகு ஒரு விபசார விடுதியில் கண்டுபிடிக்கப்பட்டார். தன்னை ஆரோ ஏமாற்றிக் குடிக்க வைத்ததாக அவர் சொன்னார். பத்திரிகைகள் விடவில்லை. ஒரு ஆளின் சறுக்கல் ஒரு இயக்கத்தின் அவமானமானது.

எங்கட தீவில் நடந்தது

இலங்கையிலும் ஒரு பெரிய மதுவிலக்கு இயக்கம் இருந்தது. சாராயத்திலும் கள்ளிலும் இருந்து வந்த வருமானம் கொலனித்துவ அரசின் கஜானாவுக்கு முக்கியமானது. 1912இல் அரசு கலால் சட்டங்களை மாற்றிக் கள்ளுத் தவறணைகளைத் தனியாகத் திறக்கப் போனபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. சேனநாயக்க சகோதரர்கள் போன்ற பிற்காலத் தலைவர்கள் பலர் அந்த மேடைகளில்தான் அரசியல் பழகினார்கள். 1915 கலவரத்தின்போது பிரித்தானியர் சிறையில் போட்டவர்களில் மதுவிலக்குத் தலைவர்களும் இருந்தார்கள்.

அந்த இயக்கத்தின் முதன்மைக் கேள்வி தவறணை பற்றியது: அதை ஆர் திறக்கிறார்கள், லாபம் ஆருக்குப் போகிறது? மிக நியாயமான கேள்வி. தோட்டத்தில் சம்பள நாளன்று லயத்துக்கும் கடைக்கும் இடையில் தவறணை ஏன் நிற்கிறது என்று நாங்கள் இன்றைக்கும் கேட்கவேண்டியிருக்கு. ஆனால் ஏற்கெனவே உடம்பும் மனமும் குடிக்குப் பழகிப்போன ஒருவர், தவறணையைப் பூட்டின அடுத்த நாள் காலமை கை நடுங்க எழும்புகிறாரே, அவருக்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வேறொரு இடத்தில்தான் பதில் தேடப்பட்டது.

அக்ரனில் ஒரு தொலைபேசி

பில் வில்சன் 1895இல் வெர்மொன்டில் பிறந்தவர். நியூயோர்க் பங்குச் சந்தையில் உழைத்து, குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். மனைவி லொயிஸ் கடையில் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்தார். நியூயோர்க்கில் டவுன்ஸ் என்ற வைத்தியசாலைக்கு வில்சன் திரும்பத் திரும்பப் போனார். அங்கிருந்த வைத்தியர் சில்க்வர்த், குடியடிமைத்தனத்தை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்த அக்காலத்துச் சிலரில் ஒருவர். 1934 நவம்பரில் எபி தாச்சர் என்ற பழைய குடிக் கூட்டாளி வில்சனின் வீட்டுக்கு வந்தார். வந்தவர் குடிக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து குடியை விட்டிருந்தார். அடுத்த மாதம், டிசம்பர் 11இல் வில்சன் கடைசியாகக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் வில்சன் கண்ட கண்ட குடிகாரரை எல்லாம் பிடித்துத் திருத்தப் பார்த்தார். ஒருவரும் திருந்தவில்லை. அவர் சலித்துப் போனபோது லொயிஸ் சுட்டிக்காட்டியது ஒன்றைத்தான்: மற்றவர்கள் குடித்தாலும் நீங்கள் குடிக்கவில்லையே. சில்க்வர்த்தும், பிரசங்கத்தைக் குறைத்து முதலில் நோயைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்.

1935 மே மாதம் ஒரு கம்பனி விவகாரத்துக்காக வில்சன் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரத்துக்குப் போனார். காரியம் தோற்றது. கையில் காசில்லை. மேஃப்ளவர் ஹொட்டலின் முன்கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். மறுபக்கம் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் ஒரு தொலைபேசியும். அவர் தொலைபேசியை எடுத்தார். அவர் கேட்டது தனக்கு அறிவுரை சொல்ல ஒரு ஆளை அல்ல. தான் கதைப்பதற்கு இன்னொரு குடிகாரர் வேணும் என்று கேட்டார். பல அழைப்புகளுக்குப் பிறகு ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி அவரை வைத்தியர் பொப் ஸ்மித்தோடு சேர்த்துவைத்தார்.

மே 12, ஞாயிற்றுக்கிழமை. சத்திரசிகிச்சை நிபுணரான ஸ்மித் முதல்நாள் வெறி முறியாத நிலையில், 15 நிமிசத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு மணித்தியாலம் இருந்தார். ஸ்மித்துக்குக் குடியின் கெடுதல் பற்றித் தெரியாததா? அவர் வைத்தியர். ஆனால் தனக்கு நடந்ததையே சொல்லுகிற, பதிலுக்குத் தன்னிடமும் உதவி கேட்கிற ஒரு ஆளை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

கதை உடனே சுபமாக முடியவில்லை. சில கிழமைகளில் ஸ்மித் ஒரு வைத்திய மாநாட்டுக்குப் போன இடத்தில் திரும்பவும் குடித்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. ஜூன் 10 காலமை ஸ்மித்துக்கு ஒரு சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தது. கை நடுக்கம் நிற்க வில்சனே அவருக்கு ஒரு போத்தல் பியர் கொடுத்தார் என்று அவர்களே பின்னர் பதிவுசெய்திருக்கிறார்கள். அதுதான் ஸ்மித்தின் கடைசிக் குடி. அன்று வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வர நெடுநேரம் பிந்தியது. கடன் வைத்த இடங்களுக்கும் மனம் நோகப் பண்ணின ஆட்களிடமும் போய்க் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது இந்த நாளைத்தான்.

பூ அறை

1937 கடைசியில் இருவரும் இருந்து எண்ணிப் பார்த்தபோது குடியை விட்டு நிற்கிறவர்கள் சுமார் 40 பேர். 1939 ஏப்ரலில் அவர்களுடைய புத்தகம் வந்தது. அதில்தான் பன்னிரண்டு படிகள் முதலில் அச்சானது. தன்னால் தனியே முடியாது என்று ஒத்துக்கொள்வது, தன் குறைகளை இன்னொரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கு செய்தவர்களுக்குப் பரிகாரம் செய்வது, கடைசியாக இன்னொரு குடிகாரரிடம் போவது என்று அவை போகின்றன. கடவுள் என்ற சொல்லில் பெரிய தர்க்கம் நடந்தது. நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் சிலர் விடாமல் வாதாடியதால், கடவுளை அவரவர் விளங்கிக்கொண்ட விதத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடம் அதில் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் வைத்தியசாலைகள் குடிகாரரை அனுமதிக்க விரும்பவில்லை. காசு கட்டமாட்டார்கள், சத்தம் போடுவார்கள் என்று காரணம். அக்ரன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அனுமதிப்பிரிவில் இருந்த இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி 1939 ஓகஸ்டில் ஒரு வேலை செய்தார். ஸ்மித் கொண்டுவந்த நோயாளியை வயிற்று அழற்சி என்று பதிந்து உள்ளே எடுத்தார். மற்ற நோயாளிகளின் பூக்களை அடுக்குகிற சின்ன அறையில் கட்டில் போட்டார். பிறகு அது ஒரு தனி விடுதியானது. உள்ளே நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஏற்கெனவே குடியை விட்டவர்கள். வெளியேறும்போது இக்னேஷியா ஒரு சின்னச் சமயப் பதக்கம் கொடுப்பார். திரும்பக் குடிக்கிறதென்றால் முதலில் இதைக் கொண்டுவந்து என்னிடம் தரவேணும் என்பது ஒப்பந்தம். 1950இல் ஸ்மித் இறக்கும்வரை இருவருமாகச் சுமார் 5000 பேரைப் பார்த்தார்கள். அதற்கு ஸ்மித் காசு வாங்கவில்லை.

1941 மார்ச் 1இல் ஒரு பிரபல வார இதழில் ஜக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வந்தது. அந்த வருடத்துக்குள் சுமார் 2000 பேராக இருந்த ஏ.ஏ. 8000 பேரானது.

வளர வளர வொஷிங்டனியர்களுக்கு வந்த அதே ஆபத்துகள் வந்தன. வில்சன் அந்தப் பழைய இயக்கத்தின் வீழ்ச்சியைப் பற்றி யோசித்து எழுதினார். 1946இல் பன்னிரண்டு மரபுகள் எழுதப்பட்டு 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டன. வெளிவிவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை. வெளியாரிடம் காசு வாங்குவதில்லை. ஊடகங்களில் உறுப்பினர் தன் முழுப்பெயரைப் போடுவதில்லை. சேர்வதற்கு ஒரேயொரு தகுதி, குடியை விடவேணும் என்ற விருப்பம். பெயர் மறைப்பது வெட்கத்தை மறைக்க மட்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம். ஜோன் கோஃபின் கதையை வைத்துப் பார்த்தால் இன்னொரு காரணம் விளங்கும்: ஒரு ஆள் நட்சத்திரமாகவும் கூடாது, அவர் விழுந்தால் மற்றவர்களின் நம்பிக்கையும் விழக்கூடாது.

ஆருக்கு இடம் இருந்தது, ஆருக்கு இருக்கவில்லை

தொடக்க ஏ.ஏ. பெரும்பாலும் வெள்ளை ஆண்களின் இடம். பெண் குடிப்பதே அவமானம் என்ற காலத்தில், நீண்டகாலம் நிதானத்தில் நின்ற முதற் பெண்களில் ஒருவரான மார்ட்டி மான் 1944இல் பொதுமக்களுக்கு இந்த நோயை விளக்குவதற்கென ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1945இல் வொஷிங்டன் டி.சி.யில் கறுப்பின மக்கள் தமக்கென ஒரு குழுவை உருவாக்கினார்கள். 1951இல் லொயிஸ் வில்சன் குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்காக அல்-அனொன் அமைப்பைத் தொடங்கினார். கணவரோ பிள்ளையோ குடிக்கிறபோது வீட்டிலிருக்கிறவரும் நோயாகிறார், அவருக்கும் கதைக்க ஒரு கூட்டம் வேணும் என்பது அதன் அடிப்படை.

எல்லாருக்கும் இந்த வழி பொருந்தவில்லை. தன்னால் முடியாது என்று சொல்லத் தொடங்குவது, ஏற்கெனவே அடக்கப்பட்டு வாழ்கிற பெண்களுக்கு உதவாது என்று ஜீன் கேர்க்பட்ரிக் 1975இல் பெண்களுக்கான வேறொரு அமைப்பைத் தொடங்கினார். ஜப்பானில் டன்ஷுகாய் என்ற சங்கங்கள் ஏ.ஏ.யிலிருந்து கற்றுக்கொண்டாலும், பெயரை மறைப்பதை விட்டுவிட்டன. அங்கே கணவரும் மனைவியும் சேர்ந்தே கூட்டத்துக்கு வருகிறார்கள். ஊரே ஒருவரையொருவர் அறிந்த எங்கட மாதிரிச் சமூகங்களுக்கு இது யோசிக்கவேண்டிய வழி.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா? 2020இல் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.க்கும் அதற்குள் ஆட்களைச் சேர்த்துவிடுகிற சிகிச்சைகளுக்கும் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு ஈடான, சில அளவுகளில் அவற்றை விடக் கூடிய பலன் இருப்பதாக அது கண்டது. மருந்துகளும் இருக்கின்றன. டைசல்பிராம் 1940களின் கடைசியில் டென்மார்க்கில் வந்தது. நல்ட்ரெக்சோன் 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கூட்டமா மருந்தா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை, ரெண்டையும் சேர்த்து எடுக்கலாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேணும். வருடக்கணக்கில் ஒவ்வொரு நாளும் நிறையக் குடிக்கிற ஒருவரை, அறையில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிற்பாட்டுவது ஆபத்து. வலிப்பு வரலாம், மனக் குழப்பமும் இல்லாததைக் காண்பதுமான கடும் நிலை வரலாம், உயிரும் போகலாம். முதல் நாட்களை வைத்தியரின் பார்வையில்தான் கடக்கவேணும். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்து எங்கே போவது என்று கேட்கலாம்.

எங்கட பங்கு

இந்த இருநூறு வருடக் கதையில் திரும்பத் திரும்ப வருவது ஒரு எளிய விசயம். செனெக்கா ஊர்களில், பல்டிமோர் தவறணையில், அக்ரன் வீட்டில், பூ அறையில், குடியை விட்டவர் தனியே நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார், அடுத்த கிழமையும் அவர் வந்தார். மனவுறுதி தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த உறுதி ஒரு ஆளுக்குள் தானாக ஊறுவதில்லை, ஆட்களுக்கிடையில்தான் அது நிலைக்கிறது.

எங்கட பக்கம் என்ன நடக்கிறது? குடியை விட்டு ஆறு மாதமான ஒரு அண்ணை கலியாணவீட்டுக்கு வருகிறார். 'என்ன அண்ணை, சாமியார் ஆகிட்டியளோ, இண்டைக்கு மட்டும் ஒண்டு எடுங்கோ' என்று நாலு பெடியள் சூழுகிறார்கள். செத்தவீட்டில், பிக் மட்சில், வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டாளியின் போத்தல் உடைக்கிற இரவில், இதே வசனம். பகிடிக்குத்தான் சொல்லுகிறோம். அந்த ஆறு மாதத்துக்கு அவரும் அவரின் வீட்டுக்காரரும் என்ன விலை கொடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் திரும்பக் குடித்தால், 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்' என்பதும் நாங்கள்தான். ஸ்மித் சறுக்கி வந்தபோது வில்சன் அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஆகவே பெரிய திட்டம் எதையும் நாங்கள் முன்வைக்கவில்லை. வேண்டாம் என்று ஒருவர் ஒருக்காச் சொன்னால் இரண்டாந்தரம் கேட்காமல் சோடாவைக் கொடுங்கோ. ஏன் விட்டியள் என்று சபையில் விசாரிக்காதேயுங்கோ. இரவு பதினொரு மணிக்கு அவர் அழைத்தால் தொலைபேசியை எடுங்கோ. வீட்டிலிருக்கிற அக்காவோடும் பிள்ளைகளோடும் கதையுங்கோ, அவர்களிடம் கேட்க ஆரும் போவதில்லை.

எங்கட ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பின்னேரம் பேப்பர் வாசித்து முடிய அவை பூட்டிக் கிடக்கின்றன. கிழமையில் ஒரு பின்னேரம் ஒரு அறையைத் திறந்து, ஒரு கேத்தில் தேத்தண்ணி வைத்து, பெயர் எழுதாமல், படம் எடுக்காமல், முகநூலில் போடாமல், குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் இருந்து கதைக்க விட ஒரு நிர்வாகம் முன்வருமா? திறப்பு வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்தால் யோசித்துப் பாருங்கோ.